மேஜிக் தி கேதரிங் ஆடக் கற்றுக்கொள்வது எப்படி: முதல் சீட்டிலிருந்து முதல் டெக் வரை

மேஜிக் ஆட்டத்தின் முழு விதித்தொகுப்பு 250 பக்கங்களைத் தாண்டும். அதைப் படித்து முடித்துவிட்டு ஆடலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பெரும்பாலும் ஆடவே உட்காருவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. அதில் நான்கைந்து பக்கத்துக்கான விஷயம் தெரிந்தால் ஆட்டத்துக்குள் நுழைந்துவிடலாம். மீதியைச் சீட்டுகளே சொல்லும்.

புதியவர்கள் குழம்புவதற்கு முக்கியக் காரணம், சொல்லித்தருபவர் தனக்குத் தெரிந்த அத்தனையையும் முதல் நாளிலேயே கொட்டிவிடுவதுதான். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சேர்த்தால் போதும். முதலில் லேண்டும் (சக்தி தரும் நிலச் சீட்டு) கிரீச்சரும் (சண்டையிடும் உயிரினச் சீட்டு) மட்டும் வைத்து ஆடுங்கள். அது கைவந்ததும் ஸார்சரி என்ற மந்திரச் சீட்டு. எப்போது வேண்டுமானாலும் போடக்கூடிய மந்திரமான இன்ஸ்டன்ட் கடைசியில்தான். இங்கே எல்லாமே அந்த வரிசையில்தான் வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லித்தந்தாலும் அலுவலக நண்பருக்குச் சொல்லித்தந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கொஞ்சம் பின்னணி. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் உருவாக்கிய ஆட்டம் இது. விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. ஒவ்வொருவரும் தன் சீட்டுக்கட்டைத் தானே தேர்ந்து அமைத்துக்கொண்டு வந்து மோதும் முறைக்கு வழி திறந்தது இதுதான். நீங்கள் ஒரு மந்திரவாதி, எதிரில் இருப்பவரும் மந்திரவாதி. இருவருக்கும் தலா 20 உயிர்ப்புள்ளி. அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் எதிராளி தோற்றார். சீட்டு எடுக்க வேண்டிய நேரத்தில் கட்டில் சீட்டே இல்லாமல் போனாலும் தோல்விதான்.

நம் வீடுகளில் சீட்டு என்ற சொல் காதில் விழுந்தாலே பெரியவர்களுக்குப் பணம் வைத்து ஆடுவதுதான் நினைவுக்கு வரும். மேஜிக்கின் ஆரம்ப காலத்தில் ஒரு சீட்டைப் பந்தயமாக வைக்கும் விதி இருந்தது உண்மை. அது எப்போதோ போய்விட்டது. வீட்டில் கேட்டால் இதை நேராகவே சொல்லுங்கள், பக்கத்தில் உட்காரவைத்து ஓர் ஆட்டமும் காட்டுங்கள். ரம்மியில் கை தேர்ந்த தாத்தா பாட்டிகள் இதை வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

எதை வைத்துக் கற்பது

பூஸ்டர் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்து ஆரம்பிக்காதீர்கள். அதில் 14 சீட்டுகள் கலந்துகட்டி வரும், அதை வைத்து ஓர் ஆட்டம்கூட ஆட முடியாது. இருவர் உடனே ஆடத் தயாராக இருக்கும் தொடக்கப் பெட்டிதான் சரியான முதல் செலவு. 2024இல் வந்த ஃபவுண்டேஷன்ஸ் வரிசையின் பிகினர் பாக்ஸில், 20 சீட்டுகள் கொண்ட பத்துச் சிறு கட்டுகள் இருக்கின்றன. ஏதாவது இரண்டைச் சேர்த்துக் கலைத்தால் ஒரு டெக், அதாவது ஆடுவதற்கான முழுக் கட்டு, தயார். அண்ணன் தங்கை இருவருக்கு ஒரு பெட்டி நெடுநாள் வரும்.

காசு செலவழிக்க விருப்பமில்லையா? மேஜிக் அரீனா என்ற செயலி கணினியிலும் கைப்பேசியிலும் இலவசம். அதில் பயிற்சி ஆட்டங்களும் தொடக்க டெக்குகளும் உண்டு. ஆனால் அரீனா உங்களுக்காக லேண்டுகளைத் தானே டேப் செய்துவிடும் (பக்கவாட்டில் திருப்பிவிடும்), எந்தக் கட்டம் நடக்கிறது என்பதையும் தானே கடத்திவிடும். அதில் மட்டும் கற்றவர்கள் நேரில் ஆட உட்கார்ந்தால் திணறுகிறார்கள். அதனால் அரீனாவில் பழகுங்கள், கூடவே தரையில் பாய் விரித்துக் காகிதச் சீட்டிலும் சில ஆட்டங்கள் ஆடிவிடுங்கள்.

மூன்றாவது வழி ஜெராக்ஸ் கடை. சீட்டுகளின் படங்களை ஏ4 தாளில் அச்செடுத்து, வெட்டி, பழைய சீட்டுக்கட்டின் சீட்டு மேல் வைத்து உறையில் போட்டால் வீட்டில் ஆடிப் பார்க்க அது போதும். திருவல்லிக்கேணியிலும் கல்லூரிகளைச் சுற்றியும் இதற்குக் கடைக்குப் பஞ்சமில்லை. அதிகாரபூர்வப் போட்டிகளில் இவை செல்லாது, அசல் என்று யாரிடமும் விற்கவும் கூடாது.

ஒரு சீட்டை வாசிப்பது

செர்ரா ஏஞ்சல் என்ற பழைய, புகழ்பெற்ற சீட்டை எடுத்துக்கொள்வோம். மேலே இடதுபக்கம் பெயர். வலது ஓரத்தில் விலை: ஒரு சாம்பல் வட்டத்துக்குள் 3, அதன் பக்கத்தில் இரண்டு வெள்ளைச் சூரியக் குறிகள். மொத்தம் ஐந்து மனா, அதாவது சீட்டை இறக்கத் தேவையான சக்தி. அதில் இரண்டு வெள்ளையாகவே இருக்க வேண்டும், மற்ற மூன்றும் எந்த நிறமானாலும் சரி. படத்துக்குக் கீழே உள்ள வரி இது கிரீச்சர், அதிலும் ஏஞ்சல் என்று சொல்கிறது. அந்த வரியின் வலது ஓரத்துச் சின்னம் சீட்டின் அரிதான தன்மையைக் காட்டும்: கறுப்பு என்றால் காமன், வெள்ளி என்றால் அன்காமன், பொன்னிறம் ரேர், செம்மஞ்சள் மிதிக். ஆடும்போது இதற்கு எந்த வேலையும் இல்லை. அடுத்து, எழுத்துப் பெட்டியில் ஃப்ளையிங், விஜிலன்ஸ் என்ற இரண்டு திறன்கள். கீழே வலது மூலையில் 4/4. முதல் எண் அது அடிக்கும் பலம், இரண்டாவது எண் அது தாங்கும் அளவு.

விதியும் சீட்டும் முரண்பட்டால் சீட்டு சொல்வதே செல்லும். மேஜிக்கின் பொன்விதி இது. ஆகவே பழக்கமில்லாத சீட்டை இறக்கும்போது வாய்விட்டு வாசியுங்கள். எதிராளி இறக்கினால் கையில் வாங்கிப் படியுங்கள். இதில் கூச்சம் வேண்டாம், பல வருடம் ஆடியவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

மனா

இந்த ஆட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. லேண்ட் சீட்டுகளை மேசையில் வைத்து, அவற்றைப் பக்கவாட்டில் திருப்பினால் மனா கிடைக்கும். அப்படித் திருப்புவதுதான் டேப் செய்வது. ப்ளெயின்ஸ் வெள்ளை தரும், ஐலண்ட் நீலம், ஸ்வாம்ப் கறுப்பு, மவுண்டன் சிவப்பு, ஃபாரஸ்ட் பச்சை. உங்கள் முறைக்கு ஒரு லேண்ட்தான் வைக்கலாம். அதனால் முதல் முறையில் ஒரு மனா, இரண்டாவதில் இரண்டு என்று பலம் படிப்படியாக ஏறுகிறது. கையில் பெரிய டிராகன் வந்துவிட்டதே என்று குதிக்க முடியாது. ஆறு மனா கேட்கும் டிராகனை இறக்க ஆறு லேண்ட் மேசையில் இருக்க வேண்டும். அதுவரை உயிரோடு இருப்பது எப்படி என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

ஐந்து நிறங்களுக்கும் ஐந்து குணம். வெள்ளை சிறு வீரர்களைக் கூட்டமாகச் சேர்க்கும், உயிர்ப்புள்ளியை ஏற்றும். நீலம் கூடுதல் சீட்டு எடுக்கும், எதிராளியின் மந்திரத்தைப் பாதி வழியிலேயே ரத்து செய்யும். கறுப்பு கிரீச்சர்களைக் கொல்லும், செத்தவற்றைக் கிளப்பும், தன் உயிரையே விலையாகக் கொடுக்கவும் தயங்காது. சிவப்பு நேராகச் சுடும், வேகமாகப் பாயும். பச்சையிடம் பெரிய மிருகங்களும் கூடுதல் மனாவும் உண்டு. ஆரம்பிக்கிறவர்களுக்குப் பச்சையும் சிவப்பும் சேர்ந்த டெக்கைத்தான் நான் பரிந்துரைப்பேன். அடிப்பதும் அடிவாங்குவதும் கண்ணுக்கு முன்னால் நடக்கும், எங்கே தப்பு என்பது உடனே தெரியும். நீலத்தை முதல் டெக்காக எடுக்காதீர்கள். அது நல்ல நிறம்தான், ஆனால் எதிராளி என்ன செய்யப்போகிறார் என்பது தெரிந்த பிறகுதான் அதன் அருமை புரியும்.

முதல் ஆட்டம்: லேண்டும் கிரீச்சரும் மட்டும்

இரண்டு டெக்கிலிருந்தும் லேண்ட், கிரீச்சர் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துத் தனியே வையுங்கள். கலைத்து, எதிராளியிடம் கொடுத்து வெட்டவிட்டு, தலா ஏழு சீட்டு எடுங்கள். ஏழில் மூன்று நான்கு லேண்ட் இருந்தால் நல்ல கை. ஒன்று மட்டுமே இருந்தாலோ ஏழும் லேண்டாகவே வந்தாலோ, மொத்தத்தையும் கட்டில் போட்டுக் கலைத்து மறுபடி ஏழு எடுக்கலாம். இதுதான் மல்லிகன். எத்தனை முறை அப்படிச் செய்தீர்களோ அத்தனை சீட்டுகளைக் கடைசியில் கையிலிருந்து கட்டின் அடியில் வைத்துவிட வேண்டும்.

உங்கள் முறை இப்படிப் போகும். முதலில் அன்டேப்: திருப்பி வைத்திருக்கும் எல்லாவற்றையும் நேராக்குங்கள். அடுத்து அப்கீப், இப்போதைக்கு அதில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு சீட்டு எடுங்கள். ஆட்டத்தைத் தொடங்குபவருக்கு மட்டும் முதல் முறையில் சீட்டு கிடையாது. அதன்பின் மெயின் கட்டம்: லேண்ட் வைக்கலாம், கிரீச்சர் இறக்கலாம். அப்புறம் தாக்குதல். தாக்குதல் முடிந்ததும் இன்னொரு மெயின் கட்டம் வரும். முறை முடியும்போது கையில் ஏழுக்கு மேல் இருந்தால் கூடுதலைக் கிரேவ்யார்டில், அதாவது தீர்ந்துபோன சீட்டுகளின் குவியலில், போட வேண்டும்.

அந்த இரண்டாவது மெயின் கட்டத்தை மறக்காதீர்கள். புதியவர்கள் எல்லாவற்றையும் தாக்குதலுக்கு முன்பே இறக்கிவிடுவார்கள். மனாவைச் செலவழிக்காமல் தாக்கினால், இவர் கையில் என்ன வைத்திருக்கிறாரோ என்று எதிராளி தயங்குவார். தாக்குதலுக்கு உதவாத கிரீச்சர் எதுவானாலும் அதன் பிறகு இறக்குவதே நல்லது.

தாக்குதல்

போக்கிமான் சீட்டு ஆடிப் பழகிய பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. மேஜிக்கில் உங்கள் கிரீச்சர் எதிராளியின் கிரீச்சரைக் குறிவைக்காது, எதிராளியைத்தான் தாக்கும். தடுப்பதா, எதைக் கொண்டு தடுப்பது என்று முடிவு செய்கிறவர் எதிராளி.

தாக்கும் கிரீச்சர் டேப் ஆகும். டேப் ஆன கிரீச்சரால் தடுக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டால் அடுத்த முறையில் உங்கள் பக்கம் திறந்து கிடக்கும். இந்த முறையில் இறங்கிய கிரீச்சர் உடனே தாக்கக் கூடாது, உங்கள் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். தடுப்பதற்கு அந்தத் தடை இல்லை. ஒரு கிரீச்சரை இரண்டு மூன்று சேர்ந்தும் தடுக்கலாம். அடி இரு பக்கமும் ஒரே நேரத்தில் விழும். சாகாமல் தப்பிய கிரீச்சரின் காயம் அந்த முறை முடிந்ததும் ஆறிவிடும்.

அக்காவிடம் கிரிஸ்லி பேர்ஸ் என்ற 2/2 கரடி, தம்பியிடம் ஹில் ஜயன்ட் என்ற 3/3 ராட்சதன் என்று வைத்துக்கொள்வோம். அக்கா கரடியைத் தாக்க அனுப்பினால் தம்பி ராட்சதனால் தடுப்பான். கரடி சாகும், ராட்சதன் பிழைப்பான். எனவே அக்கா தாக்காமல் நிற்பதுதான் சரி. அக்காவிடம் இரண்டு கரடிகள் இருந்தால்? இரண்டையும் அனுப்பினால் தம்பி ஒன்றைத்தான் தடுக்க முடியும். மற்றது இரண்டு புள்ளியைத் தட்டிவிடும், ஆனால் ஒரு கரடி போய்விடும். அந்த இரண்டு புள்ளிக்கு ஒரு கரடி தகுமா? தம்பிக்கு 20 புள்ளி இருக்கும்போது தகாது. அவன் நான்கில் நிற்கும்போது தகலாம். முதல் சில ஆட்டங்களில் இந்தக் கணக்கு மட்டும் பழகினாலே போதும்.

இதில் தேறியதும் திறன்களைச் சேருங்கள். ஃப்ளையிங் உள்ளதை இன்னொரு ஃப்ளையிங் அல்லது ரீச் உள்ள கிரீச்சர்தான் தடுக்கும். விஜிலன்ஸ் என்றால் தாக்கினாலும் டேப் ஆகாது. செர்ரா ஏஞ்சல் அதனால்தான் அத்தனை பலம்: வானத்தில் போய் நான்கு அடிக்கும், திரும்பி வந்து காவலும் நிற்கும். ட்ராம்பிள் தடுப்பவரைக் கொன்றது போக மிச்ச அடியை எதிராளி மேல் இறக்கும். ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் முந்திக்கொண்டு அடிக்கும். ஹேஸ்ட் இறங்கிய உடனே தாக்கும். டெத்டச் ஒரு புள்ளி அடித்தாலும் அந்தக் கிரீச்சர் காலி. லைஃப்லிங்க் அடித்த அளவு உங்கள் உயிரை ஏற்றும்.

ஸார்சரி, இன்ஸ்டன்ட், ஸ்டேக்

ஸார்சரி உங்கள் மெயின் கட்டத்தில் மட்டும் போடக்கூடிய மந்திரம். விளைவு முடிந்ததும் கிரேவ்யார்டுக்குப் போகும், அவ்வளவுதான். என்சான்ட்மென்ட்டும் ஆர்ட்டிஃபாக்ட்டும் மேசையிலேயே தங்கி வேலை செய்யும். அதில் எழுதியிருப்பதைப் படித்தாலே புரியும்.

இன்ஸ்டன்ட் வந்ததும் ஆட்டமே மாறிவிடுகிறது. அதை எப்போது வேண்டுமானாலும் போடலாம், எதிராளியின் முறையிலும்கூட. இதற்காகவே ஸ்டேக் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் மந்திரம் போட்டால் அது உடனே நடந்துவிடாது. மற்றவர் அதற்குப் பதிலாக ஒன்று போடலாம், அதற்கு மேல் இவர் இன்னொன்று போடலாம். இருவரும் போதும் என்றதும் கடைசியாகப் போட்டது முதலில் நடக்கும். பழகும் நாட்களில் சீட்டுகளை உண்மையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக மேசை நடுவில் வைத்து, மேலிருந்து எடுங்கள். பத்து நிமிடத்தில் பிடிபடும்.

அக்கா, தம்பி ஆட்டத்துக்கே வருவோம். அக்கா கையில் ஜயன்ட் குரோத் இருக்கிறது: ஒரு பச்சை மனா, ஒரு கிரீச்சருக்கு முறை முடியும்வரை +3/+3. தம்பி கையில் லைட்னிங் போல்ட்: ஒரு சிவப்பு மனா, மூன்று அடி.

அக்கா கரடியை அனுப்புகிறாள்.

"டேய், பிளாக் பண்றியா?"

"பண்றேன்க்கா."

ராட்சதன் தடுக்கிறான். அக்கா ஜயன்ட் குரோத் போடுகிறாள். அது நடந்துவிட்டால் கரடி 5/5, ராட்சதன் சாவான், கரடி பிழைக்கும். ஆனால் தம்பி உடனே, அது நடப்பதற்குள், லைட்னிங் போல்ட்டைக் கரடிமேல் போடுகிறான். கடைசியாக வந்த போல்ட் முதலில் நடக்கிறது. கரடி இன்னும் 2/2தான், மூன்று அடியில் செத்தது. ஜயன்ட் குரோத்துக்கு இலக்கே இல்லை, வீணாகிறது. தம்பியின் ஒரு சீட்டுக்கு அக்காவின் இரண்டு சீட்டு போய்விட்டது.

தம்பி ஒரு கணம் தாமதித்து, கரடி 5/5 ஆன பிறகு போல்ட் போட்டால்? போல்ட்டின் மூன்றும் ராட்சதனின் மூன்றும் சேர்ந்து ஆறு, கரடி சாகும். கரடியின் ஐந்து அடியும் அதே நேரத்தில் விழுவதால் ராட்சதனும் சாவான்.

இப்போது இன்னொரு காட்சி. தம்பி தன் முறையில், தாக்குதல் எதுவும் இல்லாத நேரத்தில், முதலில் போல்ட்டைப் போடுகிறான். அக்கா பதிலுக்கு ஜயன்ட் குரோத் போடுகிறாள். அது முதலில் நடந்து கரடி 5/5 ஆகிறது. போல்ட்டின் மூன்று அடியைத் தாங்கிக்கொள்கிறது. சீட்டுக்குச் சீட்டு சரி, கரடி மேசையில் நிற்கிறது. இரண்டு காட்சியிலும் அதே சீட்டுகள்தான், இரண்டிலும் முந்திக்கொண்டவர் நினைத்தது நடக்கவில்லை. இன்ஸ்டன்ட்டைக் கையில் வைத்துக் காத்திருப்பது ஏன் மதிப்புள்ளது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. இந்த இரு காட்சிகளையும் சீட்டு வைத்து ஆடியே பார்த்துவிடுங்கள்.

முதல் சொந்த டெக்

வழக்கமான டெக்குக்குக் குறைந்தது 60 சீட்டு. அடிப்படை லேண்ட் தவிர எந்தச் சீட்டும் நான்கு பிரதிக்கு மேல் கூடாது. எளிய வழி: ஒன்பது வேறுவேறு சீட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் நான்கு வையுங்கள், 36 ஆயிற்று. மீதி 24 லேண்ட். முதல் ஏழு சீட்டில் சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவாக லேண்ட் வரும், அதுதான் தேவை.

ஒன்பதில் ஐந்தாறு கிரீச்சராக இருக்கட்டும். விலையைப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று மனாவில் பெரும்பாலானவை, ஐந்து ஆறு மனாவில் ஒரே ஒரு வகை. பிடித்த டிராகன்களையெல்லாம் அடுக்கினால் நான்காவது முறைவரை சும்மா உட்கார்ந்திருப்பீர்கள், அதற்குள் எதிராளி பாதி உயிரை எடுத்துவிடுவார். நிறம் இரண்டோடு நிறுத்துங்கள். 20 பச்சையும் 16 சிவப்பும் இருந்தால் 13 ஃபாரஸ்ட், 11 மவுண்டன் என்று பிரிக்கலாம்.

கலைக்கும்போது லேண்டை இரண்டு சீட்டுக்கு ஒன்றாகச் செருகி அடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஏமாற்று, போட்டியில் பிடிபட்டால் தண்டனை. இரு பாதியாகப் பிரித்துக் கோத்துக் கலைப்பதை ஏழெட்டு முறை நன்றாகச் செய்யுங்கள்.

சென்னையில் சீட்டைக் காப்பது

நம் ஊர்க் காற்றின் ஈரம் சீட்டுக்கு எதிரி. மினுமினுக்கும் ஃபாயில் சீட்டுகள்தான் முதலில் வளையும், ஏனென்றால் காகிதப் பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும், ஃபாயில் பக்கம் விரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வாங்கிய அன்றே உறை போடுங்கள். உறை போட்டாலும் ஆடும் இடம் மின்விசிறிக்கு நேர்கீழே வேண்டாம். பெசன்ட் நகர் கடற்கரை போன்ற காற்றடிக்கும் இடங்களும் வேண்டாம். டெக்கோடு ஒரு 20 பக்கப் பகடையும் வைத்துக்கொண்டால் உயிர்ப்புள்ளியை எண்ண வசதி. இல்லாவிட்டால் நோட்டும் பேனாவும் இன்னும் நம்பகமானவை.

செலவைப் பற்றி என் கருத்து உறுதியானது. ஒரு குறிப்பிட்ட சீட்டு வேண்டுமென்றால் அந்தச் சீட்டையே தனியாக வாங்குங்கள், அது வரும் என்று பாக்கெட்டைத் திறந்துகொண்டே இருக்காதீர்கள். பாக்கெட்டுக்கு ஏற்ற இடம், அதை அங்கேயே திறந்து டெக் அமைக்கும் சீல்டு, டிராஃப்ட் ஆட்டங்கள். சீல்டில் ஆறு பாக்கெட் திறந்து, வந்ததைக் கொண்டே 40 சீட்டு டெக் அமைத்து அங்கேயே ஆடுவார்கள். அதில் 17 லேண்ட் வைப்பது வழக்கம்.

பிறரோடு ஆடப் போகும்போது

புதிய தொகுப்பு வெளியாவதற்கு முந்தைய வாரத்தில் நடக்கும் ப்ரீரிலீஸ் நிகழ்ச்சி பெரும்பாலும் சீல்டு முறையில் இருக்கும். எல்லோருக்கும் சீட்டுகள் புதிது என்பதால் அறிமுகமாவதற்கு அதுவே நல்ல நாள். எங்கே நடக்கிறது என்பதை விசார்ட்ஸ் நிறுவனத்தின் கடை தேடும் பக்கத்தில் பார்த்து, கிளம்பும் முன் கடைக்குப் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நண்பர்கள் கூடும் மேசைகளில் அதிகம் ஆடப்படுவது கமாண்டர். பொதுவாக நான்கு பேர், தலா 40 உயிர், 100 சீட்டு டெக். அடிப்படை லேண்ட் தவிர எல்லாமே ஒரே ஒரு பிரதி. அதில் ஒரு புகழ்பெற்ற பாத்திரம் தலைவராகத் தனியே நிற்கும். ஒரே தலைவரிடம் தாக்குதலில் 21 அடி வாங்கினால் உயிர் மிச்சமிருந்தாலும் நீங்கள் அவுட். சிரிப்பும் பேரம் பேசுவதுமாகப் போகும் அருமையான ஆட்டம். ஆனால் நான்கு பேர் மேசையில் இருக்கும் அத்தனை சீட்டையும் ஒருசேரக் கவனிக்க வேண்டியிருப்பதால், இருவர் ஆட்டம் கைக்கு வருவதற்கு முன் இதில் இறங்க வேண்டாம். இறங்கும்போது கடையில் கிடைக்கும் தயார் கமாண்டர் டெக் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். உட்கார்ந்தவுடன் "நான் புதுசு, ஆட்டம் கொஞ்சம் மெதுவா போகட்டும்" என்று சொல்லிவிடுங்கள். மற்ற மூவரும் அதற்கேற்ற டெக்கை எடுப்பார்கள்.